கெண்டை

வானகிரியிலிருந்து முதல் பஸ்.
முன்வாசல் படி அன்றைக்கு
ஒரு சாண் உயர்ந்திருந்தது.
தலையில் அலுமினியக் கூடை, எட்டு கிலோ சங்கரா.
இடது காலைத் தூக்கினேன்;
அது வரவில்லை.
"ஏறும்மா, டைம் ஆவுது."
படியை மாத்திட்டீங்களா தம்பி என்று கேட்டேன்.
பஸ்ஸே சிரித்தது.

மாயவரம் பெரியாஸ்பத்திரியில்
ஷகீலா பர்வீன் என்றொரு பெண்.
மருந்து எழுதுகிறவள் இல்லை,
கைகால்களை மடக்கி நீட்டச் சொல்கிறவள்.
"ரெண்டு கட்டைவிரலு, ரெண்டு ஆள்காட்டி விரலு,
வளையமாக்கி கெண்டைக்காலைப் பிடிங்க."
பிடித்தேன். வளையம் மூடியது.
மூடிய பிறகும் உள்ளே
ஒரு நெத்திலி நீந்த இடமிருந்தது.

நாற்பது வருஷம்
கெண்டைக்குச் செதில் உரசியவள் நான்.
என் முழங்காலுக்குக் கீழேயே ஒன்று
இரையில்லாமல் கிடந்திருக்கிறது,
சித்திரை மாதத்து ஆற்றுக்குட்டையில்
முதுகு வெளியே தெரியக் கிடக்குமே,
அதைப்போல.

"என்ன சாப்பிடுறீங்க?"
காலையில் பழையது.
மத்தியானம் சோறும் மீன்குழம்பும்.
ராத்திரி, மிச்சம்.
"மீன்?"
மீன் விற்கிறதுக்கும்மா. குழம்புதான் எனக்கு.
அவள் பேனாவை மூடி வைத்தாள்.

வயசானால் சதை கரையுமாம். எல்லோருக்கும்தான்.
கரை உடையாமல் பார்த்துக்கொள்ளலாமாம்.
அவள் பத்து நிமிஷம் சொன்னதைக்
கடைமடைக்காரி நான்
என் கணக்கில் இப்படி முடிந்துவைத்தேன்:
மேட்டூரில் திறந்த தண்ணீர்
ஊருக்கெல்லாம் பாய்ந்து
மிச்சமிருந்தால்தான் எங்கள் பக்கம்.
உடம்புக்குக் கடைமடை, கால்.
தண்ணீர் விட்டால் மட்டும் போதாது,
வாய்க்கால் தூர்ந்திருந்தால்
மதகிலேயே நின்றுவிடும்.
மீன் துண்டு, தண்ணீர்.
உட்கார்ந்து எழுவது, மண்வெட்டி.

மறுநாள் மார்க்கெட்டில்
ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தேன்.
கையை ஊன்றாமல் எழ வேண்டும்.
முதல் நாள் மூன்று. மூன்றாவதில்
தராசுக் கம்பியைப் பிடித்துவிட்டேன்,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
"என்ன திருட்டுக்கு இந்தத் தோப்புக்கரணம்?"
எதிர்க்கடை குமுதவல்லி.
என் தட்டிலிருந்து நானே எடுத்த திருட்டுக்கு என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
ஒரு வாரம் கழித்து
அவளும் தன் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள்.
யாருக்கும் தெரியாமல், கூடைக்குப் பின்னால்.

இதில் செலவும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.
தினம் ஒரு கூறு மத்தி எனக்கென்று ஒதுக்கினால்
கூறு ஐம்பது; மாதம் ஆயிரத்து ஐந்நூறு.
தண்டல் செல்வநாதன் நோட்டைத் திருப்பி
"எங்கம்மா போவுது காசு?" என்றார்.
கால் வாங்கியிருக்கேன், தவணையில்.
தடைக்காலத்தில் விசைப்படகு ஓடவில்லை,
மத்தி விலை ஏறிப்போச்சு.
ரெண்டு அவித்த முட்டை,
ஒரு கை பாசிப்பயறு.
பயறு வயிற்றை ஊதவைத்தது.
ஊறவைத்துத் தின்னுங்க என்றாள் ஷகீலா.
அந்த நாலு நாள் அவளைத் திட்டினேன்,
எழுவதை மட்டும் விடவில்லை.

ஆடி கடைசியில்
எங்கள் வாய்க்காலுக்கும் கலங்கலாய் வந்து சேர்ந்தது.
அன்றைக்கு மறுபடி வளையம் போட்டேன்.
விரல்கள் மட்டுமட்டாய்த் தொட்டன.
நெத்திலிக்கு இடமில்லை.
அவ்வளவுதான். குதிரையாகிவிடவில்லை நான்.
பஸ்ஸில் இன்னும் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிறேன்;
கூடையைக் கண்டக்டரிடம் முதலில் நீட்டிவிட்டு
அப்புறம் காலை வைக்கிறேன்.
கால் வருகிறது.

பதினொரு மணிக்கு
பேரம் பேசி அலுத்த வாத்தியார்
பலகையின் ஓரத்தைக் காட்டுகிறார்:
அந்த ஒரு கூறு என்ன விலை?
அது விற்கிறதுக்கு இல்லீங்க.
யாருக்கு?
கெண்டைக்கு.